மஞ்சளாகும் தாள்

கிடங்கில் எனக்குக் கடுகு என்று பெயர். சூடு பட்டால் வெடித்துவிடுவேனாம். வெடிக்காமல் என்ன செய்வது? அருங்காட்சியகத்தின் பழைய பிளாஸ்டிக் பொருட்கள் அத்தனையும் என் பொறுப்பு. பிளாஸ்டிக் அழியவே அழியாது என்று ஊரே சொல்கிறது. இங்கே வந்து பார்க்கட்டும். வியர்க்கும், பிசுபிசுக்கும், உள்ளுக்குள் புளித்துக் காற்றைக் கெடுக்கும். அதன் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கெடும். அதனால் ஒவ்வொரு அலமாரியிலும் நீலத் தாள் ஒன்று வைப்போம். புளித்த காற்று பட்டால் தாள் மஞ்சளாகும்.

அந்த மாதம் மஞ்சளானது செயற்கைக் கை இருந்த அலமாரியில். அச்சு இயந்திரத்தில் கையை இழந்த ஒரு பெண்ணுக்காகச் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கில் செய்த இடது கை அது. கொடுத்தவர் அவருடைய மகன், தையல்காரர். மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார், தொடமாட்டார். கெட்டுப்போன செல்லுலாய்டு தானாகவே தீப்பிடிக்கக்கூடும். மூன்று வாரம் தொடர்ந்து தாள் மஞ்சளானால் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி.

"தங்கச்சி, எப்படியாவது காப்பாத்துங்க. அம்மாவோடதுன்னு வேற எதுவும் இல்ல," என்றார்.

"நான் என்ன பண்றது அண்ணா? தாள் என்ன சொல்லுதோ அதுதான்," என்று சிடுசிடுத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கையை எடுத்து ஒரு காலி அலமாரிக்கு மாற்றினேன். மறுநாள் அங்கே மஞ்சள், பழைய அலமாரியில் நீலம். மூன்றாவது அலமாரிக்கு மாற்றினேன். அங்கேயும் மஞ்சள். அதைவிட மோசம் அந்த வாடை. அலமாரியைத் திறக்கும்போது வந்தால் பரவாயில்லை. கதவருகே போனால் கதவருகே வந்தது, மேசையில் குனிந்தால் மேசைக்கு வந்தது. புளித்த மூச்சு ஒன்று என் முகத்துக்கு நேரே நின்றது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. விரல்கள் லேசாக மடங்கிய அந்தக் கை மட்டும், 'இங்கே வா' என்று கூப்பிடுவதுபோல் கிடந்தது. வீட்டில் அந்த வாடை கிடையாது. காலையில் கிடங்கில் வேலையைத் தொடங்கியதும் வந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். இந்தச் சனியன் தொலைந்தால் போதும் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன்.

மூன்று வாரம் முடிந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். பின்முற்றத்தில் தீயணைப்புக்காரர்கள் எரித்தார்கள். பளீரென்று ஒரு சுடர், கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றுமில்லை. தையல்காரர் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அலமாரியைத் துடைத்து, புதுத் தாள் வைத்துப் பூட்டினேன். காலையில் திறந்தால் தாள் மஞ்சள்.

உள்ளே இருந்தது வேலை நேரத்தில் நான் போடும் மூக்குக்கண்ணாடி மட்டும்தான். செத்துப்போன அப்பாவின் பழைய பிளாஸ்டிக் பிரேமில் எனக்கான லென்ஸைப் போட்டுக்கொண்டது. எங்கேயாவது தொலைத்துவிடுவேன் என்று, கிளம்பும்போது அன்றைக்குப் பார்த்த பொருளோடு அதையும் வைத்துப் பூட்டுவது என் வழக்கம். கை போன அலமாரிக்கெல்லாம் அதுவும் போயிருக்கிறது. எடுத்து முகர்ந்தேன். அதே வாடை. பிரேம் மடங்கும் கீலில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இத்தனை வருஷ அனுபவம், மூக்கின் மேலேயே இருந்தது தெரியவில்லை.

சொல்லாமலே விட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? மூன்று நாள் அப்படியே விட்டும் பார்த்தேன். நான்காம் நாள் தையல் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

"அப்போ அம்மா கை நல்லாத்தான் இருந்திருக்கு."

"ஆமா அண்ணா. தப்பு என்னோடது."

"அந்தக் கண்ணாடி யாரோடது?"

"எங்கப்பாவோடது."

"அதையும் எரிச்சாச்சா?"

"இல்லண்ணா. கிடங்குக் குளிர்பெட்டியில பத்திரமா வெச்சிருக்கேன்."

"அங்க வெச்சா?"

"மேல கெடாம ரொம்ப வருஷம் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவர் ஊசிக்கு அடியில் துணியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.