காலி நாற்காலி வேண்டாம் என்றாள் டெனீஸ்

"டென்ஷனே இல்லாம கல்யாணத்த நடத்தித் தர்றேன்" என்றுதான் பிளானர் டெனீஸ் ஆரம்பித்தாள். பூவைப் பாதியாக்கினாள், பேண்டு வாத்தியத்தை நிறுத்தினாள். கடைசியில், போன வருஷம் செத்துப்போன அம்மாவின் நினைவாக முன்வரிசையில் போடவிருந்த காலி நாற்காலியிலும் கை வைத்தாள்.

"அதப் பாத்தா உங்கப்பா உடைஞ்சு போயிடுவாரும்மா. வேணாம்."

நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

கல்யாணத்தன்று அப்பா என்னைக் கைப்பிடித்து அழைத்துவந்து மாப்பிள்ளையிடம் விட்டார். முன்வரிசையில் உட்கார்ந்ததும் கோட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டார். ஞாயிறுதோறும் சர்ச்சில் அம்மாவுக்கு அப்படித்தான் இடம் பிடிப்பார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா குனிந்து கேட்டார்: "இங்க யாராவது வர்றாங்களா?"

"என் சம்சாரம். கார நிறுத்திட்டு வந்துருவா."