ஸ்பீக்கர் பெட்டியில் மூன்று வாய்கள்

காலில் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரே யோசனை சொல்லும். சாமி புத்தகம் படி என்பார்கள், சீரியல் பார் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆகாது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு முருங்கை மரத்தைத்தான். அதில் தொங்கிய பெட்டியை.

பெட்டி என் வீட்டுக்காரர் லக்ஷ்மிநாராயணனின் கைவேலை. பரணில் கிடந்த பழைய டேப் ரிகார்டரின் ஸ்பீக்கர் பெட்டி அது. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டு, பெரிய ஓட்டையைப் பலகையால் அடைத்து, சின்ன ஓட்டையை மட்டும் வாசலாக விட்டு, ஏணி போட்டு ஏறி உயரத்தில் கட்டினார்.

"குருவி வந்து உனக்குக் கச்சேரி பண்ணும் பாரு லோகு."

"ஆமா, சபாவுல டிக்கெட் கிடைக்கலைன்னு நான் அழுதேன்" என்றேன்.

ஆனால் வந்தே விட்டது ஒரு ஜோடி. குண்டுகரிச்சான். ஆண் கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு கேபிள் வயரில் உட்கார்ந்து பாடும். பெண் கொஞ்சம் மங்கல் நிறம். புழு பிடிக்கிற வேலை முக்கால்வாசி அவள் தலையில். வேறு எங்கேதான் வேறு மாதிரி நடக்கிறது?

குஞ்சு பொரித்த பிறகு இவர் ஆளே மாறிப்போனார். எலெக்ட்ரிக் ட்ரெயினில் நசுங்கி வீடு வந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால், "பசங்க இன்னிக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்பார். நான் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ஓட்டையில் மூன்று வாய் தெரிந்தது, ஒன்று மட்டும் அராஜகம் பண்ணுகிறது, இப்படி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. அவர் 'பசங்க' என்று சொல்லும்போது கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

கோடை மழை ஒன்று பெய்தது. முருங்கையில் புழு வைத்தது. அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் கம்பளிப்பூச்சி, இலையெல்லாம் மொட்டைப் பச்சைப் புழு. கம்பளிப்பூச்சி பட்டால் என்ன அரிப்பு அரிக்கும் என்று தெரியாத ஆள் எங்கள் காலனியில் கிடையாது. இவருக்குப் பயம் வந்துவிட்டது. இறகு சரியாக முளைக்காத உடம்பு, பெட்டிக்குள் ஒரு பூச்சி நுழைந்தால் அவ்வளவுதான் என்று ராத்திரியெல்லாம் புரண்டார்.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "மருந்து அடிச்சாச்சு. எதிர்வீட்டு எட்மண்ட் சார் ரோஜாவுக்கு வாங்கி வெச்சிருந்தார். பெட்டியைப் பாலிதீன் பையால மூடிக் கட்டிட்டுத்தான் அடிச்சேன். அது மேல ஒரு சொட்டு படல. அப்புறம் பையைப் பிரிச்சுட்டேன்."

"பரவாயில்லையே, மூளை வேலை செய்யுது" என்றேன். அவருக்கு முகமெல்லாம் பல்.

வெயில் ஏறியதும் புழு விழ ஆரம்பித்தது. மண்ணில் விழுந்து நெளிந்தது. நெளிகிற புழு குண்டுகரிச்சானுக்குக் கண்ணில் படாமல் இருக்குமா? தேடவே வேண்டாம், பறக்கவே வேண்டாம், வாசலிலேயே விருந்து. பெண் ஒன்றைக் கொத்தி எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போனது. மூன்று வாயும் திறந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது மருந்து பட்ட புழு.

"சூ! சூ! போ!" என்று கத்தினேன். மடியில் நறுக்குவதற்கு வைத்திருந்த வெண்டைக்காயை எடுத்து வீசினேன். துணி கிளிப்பை வீசினேன். பறந்து மதில்மேல் உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி இறங்கியது. பாழாய்ப்போன பறவை! எத்தனை நாள் நான் அதைப் பார்த்துப் பூரித்திருப்பேன், அந்த உழைப்பையே இப்போது சபித்தேன். விரட்டினால் குஞ்சு பட்டினி. விட்டால் விஷம். இரண்டில் எது என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஆபீஸுக்குப் போன் போட்டேன். சார் சைட்டுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் நேராக வீட்டுக்குத்தான் வருவார் என்றார்கள். எட்மண்ட் வீட்டுக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனேன். இறங்குவதற்கு நாலைந்து படி. கட்டுப்போட்ட காலோடு அங்கேயே நின்றேன்.

தெருவில் மீன்கூடையோடு முத்தாலம்மாள் போனாள். கோவளத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். சைவக்காரர் வீடு என்று எங்கள் கேட்டருகே குரலைக்கூடத் தணித்துக்கொள்வாள். கூப்பிட்டேன்.

"இன்னாம்மா, மீனு வாங்கவா கூப்ட்ட? சாமி கண்ண குத்திடப் போவுது!"

"மீன் வேணாம் முத்தாலம்மா. அந்தப் பெட்டியை இறக்கித் தர முடியுமா? மருந்தடிச்ச புழுவை எடுத்துக் குஞ்சுக்கு ஊட்டுது."

அவள் கூடையை இறக்கிவிட்டு எம்பிப் பார்த்தாள். "எட்டாதும்மா. ஏணி எங்க கீது?"

ஏணி எட்மண்ட் வீட்டுக்குள். மருந்துப் பம்போடு சேர்த்துக் காலையிலேயே இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார், பொறுப்பான மனுஷன்.

அவள் துடைப்பத்தை எடுத்துப் புழுவையெல்லாம் பெருக்கி மூலையில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினாள். நிமிர்ந்தாள். பெருக்கின இடத்தில் மறுபடி புழு.

"மேலேர்ந்து வுழுந்துகினே கீதும்மா. நான் இன்னா பண்றது? ஐஸு உருகுது, மீனு கெட்டுப்பூடும்."

"போ, நீ போ" என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஒரு குரல் குறைந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அராஜகம் பண்ணுகிற அந்த ஒன்று மட்டும் கத்தியது. ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அந்தச் சத்தம் அடங்கின பிறகு பெட்டியிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். கேட்க யார் இருந்தார்கள்?

அழுது முடிந்ததும் கோபம் வந்தது. இவர் வரட்டும், கேட்கிற கேள்வியில் இந்த ஜென்மத்துக்கும் மறக்கக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்தேன்.

கேட் திறந்தது. கையில் பையோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தியா லோகு, மரத்துல ஒரு பூச்சி இல்ல! பசங்க இன்னிக்கு என்ன பண்ணாங்க?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண் குண்டுகரிச்சான் வாயில் புழுவோடு வந்து பெட்டிக்குள் நுழைந்தது. "பொழுது சாயப்போகுது, இன்னும் ஓவர்டைம்!" என்று அவர் சிரித்தார்.

பறவை வெளியே வந்தது. புழு வாயிலேயே இருந்தது. கேபிள் வயரில் உட்கார்ந்து கொஞ்சம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. மறுபடி அதே புழுவோடு வெளியே வந்தது.

அவர் சிரிப்பு நின்றது. மரத்தைப் பார்த்தார், கீழே கிடந்த புழுக்களைப் பார்த்தார், பிறகு ஜன்னலில் என்னைப் பார்த்தார்.

"நான் பையால மூடிக் கட்டித்தானே அடிச்சேன்" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "நல்லாத்தான் மூடினீங்க."