க்ரிஷ் சொன்னால் சரி

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஃப்ரீமான்ட் நகரில் வாழும் ஈரோடு வேலுமணி - கலாவதி தம்பதியின் ஒரே புதல்வி கயல், பதினேழு வயதிலேயே டாக்டர் ஆகிவிட்டாள். இன்னும் கல்லூரியில் கால் வைக்கவில்லை என்பது சில்லறை விவரம். நியூ ஜெர்சியில் எட்டு வருடப் படிப்பு. கல்லூரியில் சேரும்போதே மருத்துவக் கல்லூரி சீட்டும் உறுதி. கோயில், மளிகைக் கடை, ஆபீஸ் ஷட்டில் பஸ் என்று எல்லா இடத்திலும் வேலுமணி இதைப் பிரகடனம் செய்தாயிற்று. முட்டிவலிக்காரர் ஒருவர் கயலிடம் ஆலோசனைகூடக் கேட்டுவிட்டார்.

கயல் ஏங்கியது டெக்சாஸில் கிடைத்த ஜியாலஜி சீட்டுக்கு. லிவர்மோர் கோயிலுக்குப் போகும் வழியில் எல்லோரும் கோபுரத்தைத் தேடுவார்கள். அவள் சாலைக்காக வெட்டிய மலையின் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

"ஐ ஃபெயின்ட் வென் ஐ ஸீ ப்ளட், அப்பா."

"பழகிக்கும் கண்ணு. கல்லு உடைக்கறதுக்கா ஃப்ளைட் ஏறி வந்தோம்?"

கடைசியில் வேலுமணி நீதிமானாகி ஒரு சலுகை தந்தார். அதே படிப்பில் குடும்ப நண்பர் சபரிநாதனின் மகன் க்ரிஷ் இரண்டாம் வருடம். "அவன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே டெக்சாஸுக்கு டிக்கெட் போடறேன்."

சனிக்கிழமை விசாரணை கூடியது. க்ரிஷின் அம்மா வள்ளி மைசூர்பாக்கோடு வந்து சோபாவின் நடுவில் அமர்ந்தார். வேலுமணி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பெஸ்ட் டிசிஷன், அங்கிள். ஸ்ட்ரெஸ்ஸே இல்ல," என்றான் க்ரிஷ். அவனுக்குப் பின்னால் யாரோ, "டூ லாட்டேஸ் ஃபார் மைக்!" என்று கத்தினார்கள்.

"ஹாஸ்பிடல் கேன்டீன்ல இருக்கான். சாப்பிடக்கூட நேரமில்ல எம் புள்ளைக்கு," என்று வள்ளி பெருமையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டார்மில் தங்குவது பற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்லி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கயல் போனோடு பால்கனிக்குப் போனாள்.

"டூ யூ வொர்க் தேர்?"

 அந்தப் பக்கம் காபிக் கடையின் பால் நுரைக்கும் மெஷின் சீறியது.

"ஐ லெஃப்ட் த ப்ரோக்ராம் லாஸ்ட் ஃபால் செமஸ்டர்," என்றான் க்ரிஷ். "ஒரு நாள் க்ளாஸுக்குப் போய் பார்க்கிங்ல கார்லயே உக்காந்துட்டேன். இறங்கவே முடியல. அம்மாக்குத் தெரியாது. ப்ளீஸ், கயல், சொல்லிடாத." பிறகு மெல்ல, "டோன்ட் கம் ஹியர்."

அவள் ஹாலுக்குத் திரும்பியதும் வள்ளி மைசூர்பாக்குத் தட்டை நீட்டினார். "தனியா என்னடி சொன்னான் எங்க டாக்டரு?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஒரு வாக்கியம் சொன்னால் டெக்சாஸ். அந்த வாக்கியத்துக்கும் அவளுக்கும் நடுவில் வள்ளி ஆன்ட்டி சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வரச் சொன்னாரு, ஆன்ட்டி," என்றாள் கயல், அபூர்வமாகத் தமிழில்.

"கேட்டியா? க்ரிஷே சொல்லிட்டான்!" வேலுமணி தொடையைத் தட்டினார். கலாவதி லேப்டாப்பைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு இட்டார். கயல் நியூ ஜெர்சி சீட்டுக்குச் சம்மதம் சொல்லும் பட்டனை அழுத்தினாள். டெக்சாஸுக்கு நன்றி சொல்லி மறுப்பு எழுதும் வேலையை வேலுமணியே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வருடம் ஏப்ரலில், பக்கத்து ஊரான சன்னிவேலில் அஞ்சனா என்ற பெண்ணுக்கு அதே சீட்டு கிடைத்தது. அவளுடைய அப்பா கயலுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரைச் சுற்றி மொத்தக் குடும்பம். வேலுமணியும் கலாவதியும் சிறப்பு விருந்தினர்கள்.

"பெஸ்ட் டிசிஷன், அங்கிள்," என்றாள் கயல்.

அவள் அக்டோபரிலேயே அந்தப் படிப்பை விட்டிருந்தாள்.