அசையமாட்டேன் என்ற கியர்

கிட்ட வந்து இருங்கோ, என்ரை செல்லங்களே. ஒரு காரின் கதை சொல்லப்போறன். கார்தான், ஆனால் அதுக்குள்ளே ஒரு மனுசி காத்துக்கொண்டிருக்கிறாள்.

சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டின வருசம் அது. கொழும்பில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்குகிற ஒரு ஒழுங்கையில் நேசமலர் தனியாக இருந்தாள். புருசன் இரத்தினசிங்கம் தாயின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போனவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு வந்துவிடுவேன் என்றுதான் போனார். அதற்குள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஊருக்கு டெலிபோனும் நின்றுபோயிற்று. கப்பலில் வருவதற்குப் பெயர் பதிந்துவிட்டு அவர் அங்கே இருக்க, இவள் இங்கே இருந்தாள். நாலு மாதத்தில் வந்தது இரண்டே கடிதம்.

அவருடைய வெள்ளைக் கார் மதிலோரமாக நின்றது. கிளச் மிதிக்கப் பயந்தவளுக்காகவே தேடி வாங்கின ஓட்டோ கியர் கார். அவள் ஓட்டினால் அவர் பக்கத்தில் இருப்பார். இருந்துகொண்டு காலி வீதி நெடுக, ஹோர்ன் அடி, ஒதுங்கு, சைக்கிள்காரனைப் பார் என்று ஒரே ஆய்க்கினை. அவர் போன பிறகு அவள் ஓட்டவேயில்லை. பற்றரி இறங்கக்கூடாது என்று தினமும் காலையில் ஏறியிருந்து சாவியைத் திருப்பி, எஞ்சினை ஐந்து நிமிசம் ஓடவிடுவாள். கண்ணை மூடினால் இடப்பக்க சீற்றில் அவருடைய தலையெண்ணெய் மணம். அந்த மணத்துக்காகவே ஐந்து நிமிசம் பத்தாகிவிடும். கியரை மட்டும் தொடமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பொலிஸ்காரர் இரண்டுபேர் கதவைத் தட்டினார்கள். அந்த நாட்களில் நின்ற இடத்திலேயே நிற்கிற வாகனம் என்றால் எல்லாருக்கும் குண்டு நினைப்புத்தான். நாலு மணிக்கு முதல் காரை ஸ்டேசனுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, பத்திரத்தைக் காட்டிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் லொறியில் கட்டி இழுத்துப்போவோம் என்று சிங்களத்தில் சொன்னார்கள். ஓடாத காரை எதற்கு வைத்திருக்கிறீர்கள் நோனா என்று ஒருவர் கேட்டார். ஓடும் என்றாள் நேசமலர்.

அவர்கள் போனதும் ஏறியிருந்தாள். எஞ்சின் பிடித்தது. பிரேக்கை மிதித்து, கியர்த்தடியின் பொத்தானை அழுத்தி இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். காரை நிறுத்திவைக்கிற 'பி'யிலேயே தடி நின்றது. கடற்காற்று கியர்ப்பெட்டியைத் தின்றுவிட்டது என்று நினைத்தாள். பூட்டின சில்லோடு காரை இழுத்தால் மிஞ்சுவது இரும்புதான். அவர் வந்து இறங்கினதும் முதலில் பார்ப்பது அந்த மதிலோரத்தைத்தான். எதைக் காட்டுவது?

எஞ்சின் இரைகிற சத்தத்துக்குப் பக்கத்துவீட்டு ஸமீமா வெளியே வந்தாள். அவளுடைய நானா, அதுதான் தமையன், அலவிக்கு மாளிகாவத்தையில் கராஜ். போன் எடுத்தாள். ஜும்மாத் தொழுகை முடித்து, அத்தனை செக் பொயின்றையும் தாண்டி நாலு மணிக்கு முதல் வர ஏலாது, கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்கள் என்றார் அலவி. ஸமீமா போனைக் காதில் வைத்தபடி காரின் பின்பக்கம் போய் நின்றாள்.

"அக்கா, பிரேக்க மிதிங்க."

"மிதிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

"அப்ப பின்னால செவப்பு லைட் பத்தோணுமே. பத்தல்ல." போனில் ஏதோ கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கியருக்கு ஒண்டுமில்லயாம் அக்கா. நீங்க மிதிக்கிறது அதுக்குத் தெரியல்லயாம். என்ட ஊட்டுக்காரருக்கும் இதே வருத்தம்தான்."

பிரேக் மிதிபட்டதும் பின்விளக்கும் எரிந்து கியரின் பூட்டும் திறக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பியூஸ் என்று அலவி விளங்கப்படுத்தினார். எஞ்சினை நிறுத்திவிட்டு, வலது முழங்காலுக்கு மேலே இருக்கிற சின்ன மூடியைக் கழற்றச் சொன்னார். நேசமலர் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தாள். மூடியின் உட்புறத்தில் ஜப்பான் எழுத்துக்களுக்கு நடுவே, 'ஸ்டொப்' என்று ஒரு இங்கிலிஷ் சொல். அந்த இடத்தில் பியூஸ் எரிந்திருக்கவில்லை. பியூஸே இல்லை.

"தானா விழுகிற சாமான் இல்லயாம்," என்றாள் ஸமீமா. "ஆரோ கழட்டி ஈக்காங்களாம்."

நேசமலர் அந்த வெறும் இடத்தை விரலால் தடவினாள்.

அவர் போன அன்று பின்னேரம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் வாசலில் நின்று கத்த, அந்த மனிசன் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். யாராவது களவெடுத்துக் குண்டு வைத்தால் கார்ச் சொந்தக்காரரைத்தான் பிடிப்பார்கள் என்று அவருக்கு எப்போதும் பயம். நிமிர்ந்தபோது நகமளவு நீலத் துண்டொன்றைப் பேர்ஸுக்குள் வைத்ததை அவள் கண்டாள். என்னப்பா அது என்று கேட்டாள். "வந்து சொல்லுறன்," என்றார்.

சிகரெட் பற்றவைக்கிற இடத்துக்கும் அதே நீலப் பியூஸ், அதே பதினைந்து அம்பியர். நம்பர் மாறினால் வயர் எரியும், இது மாறாது, எடுத்துப் போடுங்கள் என்றார் அலவி. இரத்தினசிங்கம் சிகரெட்டைத் தொடாதவர். அவள் நகத்தால் நெம்பி எடுத்து, 'ஸ்டொப்' என்ற இடத்தில் வைத்து அழுத்தினாள். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஸமீமாவின் வெள்ளை முந்தானை சிவந்தது.

கியர் வெண்ணெய் மாதிரி இறங்கிற்று.

இரண்டரை மணிக்குக் காலி வீதியில் ஏறினாள். இடப்பக்கம் ஆள் இல்லை. ஒவ்வொரு சந்தியிலும், ஒருவரும் சொல்லாமலே ஹோர்ன் அடித்தாள். பொலிஸில் பதிந்து, முத்திரை குத்தின துண்டோடு வந்து அதே மதிலோரத்தில் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அலவி புதுப் பியூஸ் ஒன்று கொடுத்துவிட்டிருந்தார். அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, சிகரெட் இடத்தை வெறுமையாகவே விட்டாள். காரின் ஒரு துண்டு யாழ்ப்பாணத்தில் அவருடைய பேர்ஸுக்குள் கிடக்கிறது. அதை அவர்தான் கொண்டுவந்து போடவேண்டும். போட்டுவிட்டு, சொல்லுறன் என்றதையும் சொல்லவேண்டும்.

அந்த வெறும் இடத்தோடேயே கார் ஒவ்வொரு நாளும் ஓடிற்று, பிள்ளைகள்.

உங்கடை வீட்டிலிருந்து வெளிக்கிட்டவை எல்லாரும், கொண்டுபோனதையும் கொண்டு திரும்பி வந்து, சொல்லாமல் விட்ட கதையைச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொல்லி முடிக்கட்டும். ஒரு கதிரையும் வெறுமையாய்க் கிடவாமல், குடும்பமாய் நல்லாயிருங்கோ.