செருப்பு வெளியேதான்

செருப்புக் காலோடு வீட்டுக்குள் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷூவோ சப்பலோ, காலில் போடுவதெல்லாம் எங்கள் வீட்டில் செருப்புதான். அதன் இடம் வாசலுக்கு வெளியே. படிக்கப் போன தேசத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் வளைந்துதான் கொடுத்தேன். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசிக் கூசிக் கற்றுக்கொண்டேன். உப்பு உறைப்பு இல்லாத கேன்டீன் சாப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினேன். செருப்பு விஷயத்தில் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

என் அறையைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும். ஹாஸ்டலின் மேல் மாடியில் ஒரு கட்டில், ஒரு மேஜை, மூலையில் ஒரு வாஷ்பேசின், மிச்சத் தரையில் ஒரு பாய். சாப்பாடு அந்தப் பாயில்தான், படிப்பும் அதில்தான். மெத்தை என் முதுகுக்கு ஒத்துவராததால் தூக்கமும் அதிலேயே. தெருச் சேற்றையெல்லாம் மிதித்துவிட்டு வந்த செருப்பை அதற்குப் பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. கதவுக்கு வெளியே காரிடாரில் கழற்றி விட்டேன்.

மறுநாள் காலை அதைக் காணோம். கல்யாண மண்டபங்களில் செருப்பைத் தொலைத்துப் பழக்கப்பட்டவள் என்பதால் நான் பெரிதாக அதிரவில்லை. பிறகுதான் தெரிந்தது, எடுத்துப்போனவர் ஹாஸ்டலின் பராமரிப்பு ஆள் என்று. இடுப்பில் எப்போதும் கொத்துச் சாவி தொங்கும், ஆள் வருவதற்கு முன்பே சத்தம் வரும். அதனால் எங்கள் மாடியில் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். காரிடாரில் எது கிடந்தாலும் தினமும் காலையில் அள்ளிக்கொண்டு போய் ஆபீஸில் கொடுப்பது அவர் வேலை. தீப்பிடித்தால் ஓடுகிறவர்கள் தடுக்கி விழுவார்களாம்.

வார்டன் அம்மா என் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு விரல் நுனியால் தூக்கிக் கொடுத்தார். கூடவே முதல் நோட்டீஸ். அந்த ஊர் பாஷையில் நடந்த பேச்சை எல்லாம் என் வாய்க்கு வருகிற தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"காரிடார் தரையில எதுவும் இருக்கக் கூடாது," என்றார்.

சரி, தரையில்தானே கூடாது. துணிப்பையில் போட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன். இரண்டாவது நோட்டீஸ் வந்தது. என் கதவுக்கு நேர் எதிரே சுவரில் புது அறிவிப்பும் ஒட்டினார்கள்: தரை, சுவர், கைப்பிடி, எங்கும் காலணி கூடாது. என்னால் அந்த ஹாஸ்டலின் சட்டமே ஒரு வரி வளர்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். ஆனால் மூன்றாவது நோட்டீஸ் வந்தால் அறையைக் காலி செய்தாக வேண்டும். கல்லூரிக்குப் பக்கத்தில் வேறு அறை கிடைக்காது. பரீட்சை நேரத்தில் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"சொன்னபடி கேட்டுட்டுப் போயேன்மா. ரூம் போச்சுன்னா எங்க போய் நிப்ப?" என்றார் அப்பா போனில்.

"அதுக்காக செருப்ப உள்ள கொண்டு போவாளா? நீங்க சும்மா இருங்க," என்று பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. எங்கள் வீட்டில் மெஜாரிட்டி எப்போதும் அம்மா பக்கம்தான்.

ஆகவே ஜன்னலுக்கு வெளியே சிமென்ட் விளிம்பில் வைத்தேன். அந்த ஊர் மழைக்கு வேறு வேலை இல்லை. தினமும் ஊறிப்போன ஷூவைப் போட்டுக்கொண்டு சளக் சளக்கென்று வகுப்புக்குள் நுழைவேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று முதல் வரிசையில் போய் உட்காருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாஷ்பேசினுக்குக் கீழே பைப் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பாயைச் சுருட்டிக் கட்டில்மேல் போட்டு, புத்தகங்களை அதன்மேல் அள்ளி வைத்துவிட்டு, கீழே போன் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் சாவிச் சத்தம் வந்தது. கருவிப் பெட்டியோடு சாவிக்கொத்து நின்றார். தோட்ட வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பார் போல, பூட்ஸ் முழுக்கச் சேறு.

நான் கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"பூட்ஸக் கழட்டிட்டு வாங்க."

"வேலை நேரத்துல இத கழட்டக் கூடாதும்மா. பாதுகாப்பு பூட்ஸ். போன மாசம்தான் கழட்டினப்ப ஒரு தடவை பிடிச்சுட்டாங்க. இன்னொரு தடவை பாத்தாங்கன்னா வேலையே போயிடும்."

"நான் சாப்பிட்டுப் படுக்கிற எடம் இது."

"உள்ள தண்ணி கொட்டுது."

"கொட்டட்டும். தண்ணி சுத்தமாத்தான் இருக்கு."

தண்ணீர் என் காலைத் தாண்டி அவர் பூட்ஸ் நுனி வரை வந்தது. நான் நகர்ந்துவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் நகரவில்லை. என் பிடிவாதத்தைப் பற்றி வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கடைசியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து லேஸை அவிழ்த்தார். சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"இத உள்ள ஒரு ஓரமா வச்சுக்கறேன்."

"வெளியதான்."

"உன் கதவு முன்னாடி கிடந்தா உன் தலையிலதான் விடியும்."

"அது என் பாடு. நீங்க பைப்பப் பாருங்க."

அவர் உள்ளே போய் வாஷ்பேசினுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். தண்ணீர் நின்றது. அதே நேரம் காரிடாரில் குதிகால் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் சுற்றி வருகிற புண்ணியவதி யார் என்று எட்டிப் பார்த்தால், வார்டன் அம்மா. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

"யாருது இது?" என்று பூட்ஸைக் காட்டினார்.

சாவிக்கொத்துடையது என்று சொன்னால் என் அறை தப்பிக்கும், அவர் வேலை போகும். கழற்ற வைத்ததே நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"என்னோடது."

"உன்னோடதா? உன் ரெண்டு காலும் ஒண்ணுலயே போகும் போலிருக்கே."

"எங்க வீட்ல வளர்ற கால்னு பெருசாத்தான் எடுப்பாங்க."

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்தி நாலு."

"இன்னுமா வளருது?"

"அப்பா நம்பிக்கையா இருக்கார்."

அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து நோட்டீஸ் கட்டை எடுத்தார். சட்டென்று இரண்டு காலையும் பூட்ஸுக்குள் விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக, இன்னொருவர் வியர்வையோடு இருந்தது. முகத்தைச் சுளிக்காமல் நின்றேன்.

"கழட்டிப் போட்டிருந்தாத்தானே தப்பு? இப்ப கால்ல இருக்கு. வெளிய கிளம்பிட்டேன்."

"அப்படியா? எங்க, நட பாக்கலாம்."

நடந்தேன். லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் முதலில் என் கால் வரும், பிறகு சாவகாசமாகப் பூட்ஸ் வரும். ஆனால் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் கதவைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து என் அறைக்குள் ஸ்பேனர் டங்கென்று விழுந்தது.

"உள்ள யாரு?"

"பைப் ரிப்பேர்."

"நான் பாக்கணும்."

"தாராளமா பாருங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

அவர் தன் காலைப் பார்த்தார். கறுப்பு, நல்ல பளபளப்பு, எடுப்பான குதி. கழற்றினால் எங்கே வைப்பது? உள்ளே கொண்டுவர நான் விடமாட்டேன். வெளியே விட, சுவரில் அவரே ஒட்டிய அறிவிப்பு விடாது. என்னைத் தள்ளிவிட்டுப் போக அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அத்தனை கதவும் திறந்திருந்தது.

"அடுத்த ரவுண்டுல பாத்துக்கறேன்," என்றார். நோட்டீஸ் கட்டு பைக்குள் போனது. குதிகால் சத்தம் லிஃப்ட்டுக்குள் போய் அடங்கியது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

சாவிக்கொத்து கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னோடதுன்னு சொல்லியிருக்கலாமே. உனக்கு வம்பே இல்ல."

"என் வாசல்ல கழட்டினதுக்கு நான்தான் ஆளு."

சொல்லிக்கொண்டே கழற்றிக் கொடுத்தேன். பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் தரையைத் துடைத்துப் பாயை விரித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து என் ஷூவை எடுத்தேன். கவிழ்த்தால் மழைத் தண்ணீர் கொட்டியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்தவர் பூட்ஸுக்காக அத்தனை பேர் முன்னால் நின்றவள், என் செருப்பை மட்டும் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? கதவைத் திறந்து, அறிவிப்புக்கு நேர் எதிரே, காரிடார் தரையில் அதைப் போட்டேன். போகிற அறை போகட்டும். பாயில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் சாவிச் சத்தத்தில்தான் விழித்தேன். அள்ளிக்கொண்டு போகிற நேரம். சத்தம் என் கதவுக்கு வெளியே வந்து நின்றது. எழுந்து உட்கார்ந்தேன். வெளியே ஏதோ சரசரத்தது, அப்புறம் சாவிகள் மெதுவாக நகர்ந்து போயின. அவ்வளவுதான், மூன்றாவது நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

ஷூ அங்கேயே இருந்தது. நான் கோணல்மாணலாகப் போட்டதை யாருக்கும் தடுக்காதபடி சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தார். உள்ளே, ஈரம் உறிஞ்சுவதற்காக, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்.