கொடி பறக்கும் திசை

சிவகாசி அச்சகம் ஒன்றில் வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் வரைபவன் மாரீஸ்வரன். சீசன் சூடு பிடித்த நேரத்தில், சரவெடிப் பெட்டியில் இருக்கும் பாய்க்கப்பலின் கொடியைத் திருப்பிப் போடச் சொன்னார் மேனேஜர் செல்லச்சாமி.

"பாட்னா வியாபாரி சத்தம் போடுறான்லே. பழைய லேபிள்ல கொடி பின்னாடி பறந்துச்சாம். போன தீபாவளிச் சரக்குல கொடி முன்னாடி பறக்கவும், டூப்ளிகேட்டுன்னு பாதிச் சரக்கைத் திருப்பிட்டாகளாம்."

கொடியை முன்னால் பறக்க வைத்தவள் அவன் மனைவி வேல்விழி. அவளுடைய அப்பா தூத்துக்குடியில் பாய்த்தோணி ஓட்டிய தண்டல். கல்யாணமான புதிதில் ஒருநாள் கணினித் திரையை எட்டிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, இது என்ன கட்சிக்காரன் கார்ல கட்டுன கொடியா? பாயத் தள்ளுற காத்துதான கொடியயும் தள்ளும்? பாய் முன்னால புடைச்சிருக்கு, கொடி பின்னால பறக்கு. உங்க ஊர்ல ரெண்டு காத்தா அடிக்கு?"

அன்றே திருத்தினான். போன கார்த்திகையில் டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அவள் சொல்லி மாறியதென்று இந்த அச்சகத்தில் இருப்பது அந்தக் கொடி ஒன்றுதான். செல்லச்சாமிக்கு அது தெரியாது.

மாரீஸ்வரன் கொடியைத் திருப்பினான். பார்க்க முடியவில்லை. அவள் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. நங்கூரம் போட்ட கப்பல் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கும்; அப்போது கொடி பின்னால்தான் பறக்கும். பாய்களைச் சுருட்டிப் பருமல் என்ற குறுக்கு மரத்தோடு கட்டினான். முன்முனையிலிருந்து நங்கூரக் கயிற்றை இறக்கினான். இனி கொடி பொய்யில்லை.

செல்லச்சாமி குனிந்து பார்த்தார். "பாய எங்கலே?"

"நங்கூரம் போட்டிருக்கு அண்ணாச்சி. கொடி பின்னாடி பறக்கணும்னா கப்பல் நிக்கணும்."

"நம்ம கண்மாய்ல கரண்டைக்கால் நனையத் தண்ணி கிடையாது, இவரு கப்பலுக்குக் காத்துப் பாக்குறாராம்! பழைய படத்தப் போடுலே. லோடு நிக்குது."

யார் திருத்தியது என்று சொன்னால் போதும். செல்லச்சாமி விட்டுவிடுவார், சுடுகாட்டில் அவனைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். அவள் சாவைக் காட்டி ஒரு கொடியைக் கேட்க வாய் வரவில்லை.

பாயை விரித்தான். கொடியைப் பின்னால் விட்டான்.

எந்திரத்திலிருந்து தாள்கள் விழத் தொடங்கின. முதல் தாளில் வண்ணம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்குப் போனால் வேல்விழி சிரிப்பாளே என்று ஒரு கணம் கூசினான்.

அந்தக் கூச்சமும் போய்விட்டது. தாளை இன்னும் கையில் வைத்திருந்தான்.