அவர்கள் மூடும் மாதங்கள்

தேவாலயப் பங்கு மண்டபத்துச் சுவரில் அயல்நாட்டுக் கடலின் படம் நீல ஒளியாய் விழுந்திருந்தது. மீன்துறை அதிகாரி அதன்மேல் சிவப்பு ஒளிப்புள்ளியை ஓட்டினார். அங்கே தீவுகளைச் சுற்றிக் காப்புக்கோடு, காவலுக்குப் படகு, சித்திரை தொடங்கி இரண்டு மாதம் றோலர் என்ற இழுவைப்படகுகளுக்குத் தடை. இந்தப் பக்கத்துக் கடலில் ஒரு கோடும் இல்லை.

"அவை முந்திவிட்டினம். நாங்களும் அதே மாசங்களிலை மீன் குஞ்சு பொரிக்கிற கல்லுப் பாரை மூடினால் ரெண்டு கரையிலையும் மீன் பெருகும். போனமுறை இந்த அக்காவே சொன்னவா, அவை மூடேக்கைதான் தங்களுக்கு மீன் படுகுதெண்டு," என்றார்.

எல்லாத் தலையும் ஜெனிற்றா பக்கம் திரும்பியது. குருநகர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி அவள். பக்கத்தில் இருந்த றோஸ் காதோடு சொன்னாள்: "உன்ரை வாய்க்குப் பூட்டுப் போடச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்."

சொன்னது அவள்தான். ஆனால் அவள் சொன்னது வலையின் கதை. மற்ற மாதங்களில் அக்கரை றோலர்கள் வந்து, பாரடியில் விரித்த வலையை வாரி அறுத்துக்கொண்டு போகும். தடைக்காலத்தில் மட்டும் அவை தங்கள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில்தான் புருசன் லியோன் வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்து நிம்மதியாய்த் தூங்குவான். அறுந்த துண்டுகளை மாசி முழுக்க இருவருமாய்ப் பொத்திச் சேர்த்த ஒரே வலை, இந்தச் சித்திரைக்காகத்தான் காத்திருந்தது.

ஜெனிற்றா எழும்பினாள். "சேர், அவை மூடுற மாசம்தான் எங்களுக்குத் தொழில். நீங்களும் அப்பவே மூடினால் நாங்கள் எப்ப கடலுக்குப் போறது?"

"மீனுக்கு எல்லை தெரியாதக்கா."

"றோலருக்கும் தெரியேல்லை. அதை ஆர் மூடுறது?"

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், கெட்ட மனுசனில்லை.

"அங்கை மூடுற காலத்துக்குக் குடும்பங்களுக்கு உதவி குடுக்கினமாம். உங்கடை படத்திலை அதைக் காணேல்லையே?" என்றாள் ஜெனிற்றா.

அவர் சிரிப்பு நின்றது. "அது அடுத்த கட்டம். முதல்லை பாரைச் சுத்தி எல்லை காட்டுற மிதவையைப் போடுவம். இண்டைக்கே தொடங்குது."

இறங்குதுறைக்கு வந்தபோது லியோன் தன் படகில் செம்மஞ்சள் மிதவைகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஆர் உதுகளை ஏத்தச் சொன்னது?"

"மீன்துறை ஆக்கள் போட்டை வாடகைக்குக் கேட்டவை. ஓமெண்டனான்."

"எங்கை போடுறதெண்டு தெரியுமே உங்களுக்கு?"

"தெரியும், நாங்கள் வலை விரிக்கிற பாரிலைதான்." அவன் நிமிரவில்லை. "நான் மாட்டனெண்டால் வேறை ஆரும் போவாங்கள். அரிசி முடிஞ்சுதெண்டு காலமை நீதானே சொன்னனி."

கரையில் யாரோ படகு இயந்திரத்தை இழுத்துப் பார்த்தார்கள். அது இருமிவிட்டு நின்றது.

"இந்த மிதவைக் கயித்தின்ரை மற்றத் தலைப்பைப் பிடி," என்றான் லியோன். "தனிய இறுக்கேலாது."

சீலையை ஒதுக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கயிற்றுத் தலைப்பை இரண்டு கையாலும் பற்றினாள். அவன் அங்கிருந்து இழுக்க, அவள் இங்கிருந்து இழுக்க, இருவருக்கும் நடுவில் முடிச்சு மெல்ல மெல்லச் சிறுத்து இறுகிக்கொண்டு வந்தது.